நிழலும் தண்ணியும்: மார்கழி மாதக் கமராக் கேள்விகள்

மாரி காலத்து மரம், நிழல், தண்ணிக்குள்ள விழுற பிம்பம், இதுகளைப் படம் எடுக்கிறதப் பத்திக் கேளுங்க எண்டு போன மாதம் எழுதினதுதான், படத்தை விடக் கேள்விதான் கூட வந்து குமிஞ்சு கிடக்கு. இடம் காணுற அளவுக்குப் பதில் சொல்றன். பேர் போடல்ல, ஊர் மட்டும் போட்டிருக்கு, எல்லாம் கிழக்கிலங்கை ஊர்.

கனடாவில இருக்கிற மச்சான் 'விண்டர் வோக்' எண்டு படம் அனுப்பிக்கொண்டே இருக்கார் அண்ணே. பனிக்கு மேல மரத்துட நிழல் நீலமா நீட்டு நீட்டா விழுந்து கிடக்கு, பாக்க ஆசையா இருக்கு. நமக்குப் பனியும் இல்ல, இலை கொட்டின மரமும் இல்ல, மாரி எண்டா சேறும் குடையும்தான். நாங்க என்னத்த எடுக்கிறது? (செங்கலடி)

தம்பி, மச்சான் டொரொண்டோவா? அங்க மார்கழி (டிசம்பர்) 20 வாக்கில நடு மத்தியானத்துலயும் சூரியன் 23 பாகை உயரத்துக்கு மேல ஏறாது, அதனால அவருக்கு நாள் முழுக்க நீட்டு நிழல் சும்மா கிடைக்குது, பன்னெண்டு மணிக்கு எழும்பிப் போனாலும் மரத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல நீளமா கிடக்கும். நமக்கு அதே நாள் மத்தியானம் சூரியன் 59 பாகையில நிக்கும். அப்ப நாம வெள்ளண எழும்பவேணும், அவர் எழும்பத் தேவையில்ல, வித்தியாசம் அவ்வளவுதான்.

நீல நிழல் பனிக்கு மட்டும் சொந்தமில்ல. வெயில் நேர படாத இடத்துக்கு வெளிச்சம் தாறது வானம், வானம் நீலம், அதால நிழலும் நீலம். பனி வெள்ளையா இருக்கிறதால அது வடிவாத் தெரியுது. பாசிக்குடா மணல்ல, மழை விட்டுக் கழுவின வானம் இருக்கிற காலையில தென்னை நிழலை எடுத்துப் பாருங்க, நீலம் அங்கயும் வரும். ஒண்டு மட்டும் செய்யுங்க, கமராவுல நிற அளவை தானாப் பிடிக்க விடாம சூரியன் அடையாளம் போட்ட இடத்துல வைங்க, விட்டா அது நீலத்தைக் 'குறை' எண்டு நினைச்சு அழிச்சுப்போடும். வெள்ளை மணல் படத்துல சாம்பலா வரும், கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டுங்க.

இலை கொட்டின மரம் வேணுமெண்டா தை, மாசியில இலவ மரத்தைப் பாருங்க. பஞ்சுக்காய் தொங்கிக்கொண்டு வெறும் கிளை நேர நேர நீட்டிக்கொண்டு நிக்கும், அந்த நிழல் வெறும் முத்தத்துல விழுந்தா கோடு போட்டுக் கீறின கணக்கா இருக்கும். குளத்துக்குள்ள நிக்கிற பட்டமரமும் இருக்கு. சேறு எண்டு சலிக்காதீங்க, சேறுதான் இந்தப் பக்கத்துல கிடக்கிற சரியான சாமான், கீழ அதப் பத்தித்தான் பாதிக் கேள்வி.

நிழல் எடுக்க எத்தனை மணிக்குப் போகவேணும்? எல்லாரும் 'விடியக்காலம' எண்டு சொல்றாங்க, மணி சொல்லுங்க. (கல்முனை)

மணியே சொல்றன். மார்கழி 20ஐ அண்டின நாளுக்கு, ஏறக்குறைய:

காலை ஏழு இருபது வாக்கில நிழல் மரத்துட உயரத்தைப் போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. எட்டரைக்கு ஒண்டே முக்கால் மடங்கு. பத்துக்குப் பத்து நிமிசம் இருக்கக்க மரமும் நிழலும் சரிசமன். அங்கால இருந்து பின்னேரம் ரெண்டே கால் வரைக்கும் நிழல் மரத்தை விடக் கட்டை, மத்தியானத்துல அரைக்குக் கொஞ்சம் மேல, அதுவும் வடக்குப் பக்கம் விழும். மறுகா அதே கணக்கு கிறுகி வரும், மூண்டரைக்கு ஒண்டே முக்கால், நாலு நாப்பதுக்கு நாலு மடங்கு வாக்கில.

இத சித்திரை (ஏப்ரல்) ரெண்டாம் கிழமை போட்டுப் பாக்காதீங்க. அப்ப சூரியன் நம்மட தலைக்கு நேர மேல வரும், புரட்டாதி (செப்டம்பர்) தொடக்கத்துலயும் அப்படித்தான், மத்தியானம் மரத்துட நிழல் மரத்துக்குக் கீழயே பதுங்கிடும். அந்த நாளைக்கு வெயில்ல அலையாம படுத்துக்கொள்ளலாம்.

இன்னொண்டு, மார்கழியில சூரியன் நேர் கிழக்கால வராது, தெற்குப் பக்கம் 20 பாகைக்கும் மேல சரிஞ்சு தென்கிழக்கால வரும். அதால காலை நிழல் வடமேற்குப் பக்கம் சரிஞ்சு விழும். கல்முனை ரோட்டு தெற்கு வடக்காப் போறதால ரோட்டுக்கரை மரத்துட நிழல் குறுக்கால சாய்வா வெட்டும், படத்துக்கு அது நல்லம். சூரியனைப் பாத்து நில்லுங்க, நிழல் உங்களுக்கு நேர ஓடி வரும், சூரியனை மரத்தடிக்குப் பின்னால மறைச்சுக் கொள்ளுங்க. சூரியன் முதுகுல பட நிண்டா உங்கட நிழலும் படத்துக்குள்ள வந்து நிக்கும், அதுவும் தொப்பியோட.

மட்டக்களப்பு வாவிக்குள்ள மரம் விழுந்து தெரியிற படம் எடுக்கவேணும். கல்லடிப் பாலத்துல நிண்டு எடுத்தன், ஆரையம்பதிக் கரையிலயும் எடுத்தன், ஒண்டும் சரிவரல்ல. எங்க நிக்கிறது? (ஆரையம்பதி)

இதத்தான் முதல்ல எல்லாரும் கேட்டிருக்கவேணும். ஐஎஸ்ஓ எவ்வளவு, எந்தப் போன் நல்லம் எண்டு கேட்டு 20 பேர் எழுதியிருக்கிறாங்க, எங்க நிக்கிறது எண்டு கேட்டது நீங்க ஒராள்தான்.

முதல்ல பாலத்தை விட்டு இறங்குங்க. பிம்பம் எண்டது நீங்க பாக்கிற காட்சிட நகல் இல்ல, தண்ணிக்குக் கீழ இன்னொரு கமரா நிண்டு அண்ணாந்து பாத்தா என்ன தெரியுமோ அதுதான். நீங்க எவ்வளவு உயரத்துல நிக்கிறீங்களோ அந்தக் கமரா அவ்வளவு ஆழத்துல நிக்குது, அதால கரையில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு நிக்கிற மரத்தைக் கரையே மறைச்சுப்போடும். பாலத்துல நிண்டா மேல தென்னை முழுசாத் தெரியும், தண்ணிக்குள்ள ஓலை நுனி மட்டும்தான் கிடக்கும். தண்ணி விளிம்புக்கு இறங்கிக் குந்துங்க. போன் எண்டா தலைகீழாப் பிடிங்க, லென்ஸ் தண்ணிக்குக் கிட்டப் போகும். இதால இன்னொரு லாபமும் இருக்கு: தண்ணிய நேர கீழ பாத்தா 100 பங்கு வெளிச்சத்துல 2 பங்குதான் திரும்பி வரும், சரிச்சுப் பாக்கப் பாக்க அது கூடிக்கொண்டே போகும், தண்ணிய உரசுற மாதிரிப் பாத்தா கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வரும்.

மறுகா எந்தக் கரை எண்டது. வாவி தெற்கு வடக்கா 50 கிலோமீட்டருக்கு மேல நீண்டு கிடக்கு, எழுவான்கரை கிழக்கால, படுவான்கரை மேற்கால. விடியக்க சூரியனும் தண்ணியும் ஒண்டா வேணுமெண்டா படுவான்கரைக்குப் போங்க, ஆரையம்பதியில இருந்தா மண்முனைப் பாலத்தால போய் அங்கால இறங்கினாச் சரி. முந்தி பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக் கடக்கிற மிதவை) ஏறிப் போகவேணும், 2014ல பாலம் வந்ததோட அந்தக் காத்திருப்பு இல்ல (காத்திருக்கிற நேரத்துல எடுத்த படம் நல்லா இருந்தது, அது வேற கதை). அங்க இருந்து கிழக்கப் பாத்தா எழுவான்கரைத் தென்னையெல்லாம் கறுப்பா நிக்கும், சூரியன் வலக்கைப் பக்கமா ஏறும். பொழுது படுற படம் வேணுமெண்டா கிறுகி எழுவான்கரைக்கு வாங்க, உங்கட ஊர்க் கரையே காணும், சூரியன் இடக்கைப் பக்கம் விழும்.

ஆனா எல்லாரும் இந்தக் கறுப்புத் தென்னையத்தான் எடுக்கிறாங்க, எனக்கு அலுத்துப் போச்சு. காலையில எழுவான்கரையில நிண்டு மேற்கப் பாருங்க. சூரியன் உங்கட முதுகுக்குப் பின்னால, படுவான்கரைக் கண்டல் (உப்புத்தண்ணிக் கரையில வளர்ற மரம்) எல்லாம் நேர் வெயில்ல பச்சையா எரியும், அந்தப் பச்சை அப்படியே தண்ணிக்குள்ள இறங்கும், பின்னால மழைக்கறுப்பு வானம் இருந்திட்டா சொல்லவே தேவையில்ல. மாரியில மட்டும் கிடைக்கிற படம் அது. ஒரு பக்கம் வெயில் மறுபக்கம் இருட்டு எண்டு ஆடியில வராது.

காத்து மிச்சம். வாடை கிளம்பினா வாவி முழுக்கச் சுருங்கிடும். விடிஞ்ச கையோட அமைதியா இருக்கும், வெயில் ஏற ஏறக் கலங்கும். காத்து அடிக்கிற நாளைக்குப் பெரிய தண்ணிய விட்டிட்டுத் தோணாவுக்குள்ள (ஒடுங்கின நீரோடைக்குள்ள) போங்க, கண்டல் பத்தைக்குக் காத்து மறைவான பக்கம் பாருங்க, ரோட்டுக் கிடங்குல தேங்கின மழைத்தண்ணி கூடக் காணும். மெல்லிய அலை இருந்தாலும் விடாதீங்க, மரத்தடி நீண்டு நெளிஞ்சு வரும், அசையாத தண்ணியை விட எனக்கு அதுதான் புடிக்கும். கண்டல் எடுக்கிறாக்கள் தில்லை மரத்துட கிளைய முறிச்சு விலக்காதீங்க, அந்தப் பால் கண்ணுல பட்டா கொஞ்ச நாளைக்குக் கண் தெரியாமப் போகும்.

என்ட போன்ல வானம் வெள்ளையா எரிஞ்சுபோகுது, தண்ணிக்குள்ள மரம் கறுத்துக் கிடக்குது. ஒரு கடையில தண்ணிப் படத்துக்கு எண்டு ஒரு பில்டர் தந்தாங்க, போட்டா பிம்பமே காணாமப் போகுது. பில்டர் பழுதா? (களுவாஞ்சிக்குடி)

பில்டர் பழுதில்ல தங்கச்சி, அது தன்ட வேலையைச் சரியாச் செய்யுது. அது போலரைசர், தண்ணிக்கு மேல மினுங்கிற வெளிச்சத்தை அழிச்சு அடியில கிடக்கிற மீனையும் பாசியையும் காட்டத்தான் அதைப் போடுறது. நீங்க அந்த மினுக்கத்தைத்தானே படம் எடுக்கப் போறீங்க. கழட்டி வைங்க, இல்லாட்டி மெதுவா வட்டமாச் சுத்திப் பாருங்க, ஒரு இடத்துல பிம்பம் திரும்ப வரும்.

தண்ணிக்குள்ள மரம் மேல நிக்கிற மரத்தை விடக் கறுப்பா இருக்கிறது பிழையில்ல, வெளிச்சத்துல ஒரு பங்கு தண்ணிக்குள்ளயே போயிடுது, அப்ப கறுக்கத்தானே செய்யும். எல்லாரும் செய்யிற வேலை என்னெண்டா அந்தக் கறுப்பை வெளிச்சமாக்கப் பாக்கிறது. எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் சமப்படுத்துற வசதி) போட்டு, அதுக்குப் பிறகு ஆப்புல நிழல் கம்பியை வலப்பக்கம் இழுத்து இழுத்து, கடைசியில மேலயும் கீழயும் ஒரே வெளிச்சமா கலியாண வீட்டு அல்பம் கணக்கா வந்து நிக்கும். நிழலைக் கறுப்பாவே விடுங்க. பிம்பத்தையும் மங்கலாவே விடுங்க. இந்த மாதம் வந்த படத்துல பாதிக்கு மேல இந்த ஒரு காரணத்தாலதான் ஒதுக்கிவைச்சம்.

செய்யவேண்டியது இதுதான்: திரையில வானத்துக்கும் மரத்துக்கும் நடுவுல தொட்டு அமத்திப் பிடிங்க, லொக் ஆகும், மறுகா விரலைக் கீழ இழுத்து வானத்துல மேகம் தெரியிற வரைக்கும் வெளிச்சத்தைக் குறைங்க. கமரா வைச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சொல்லு, பிம்பத்துக்கு போகஸ் பண்ணக்க தண்ணிட மேற்பரப்புக்குப் பண்ணாதீங்க. தண்ணி ரெண்டு முழத்துல இருந்தாலும் பிம்பம் மரம் நிக்கிற தூரத்துலதான் இருக்கு. மிதக்கிற தாமரை இலையும் வேணும் மரத்துட பிம்பமும் வேணுமெண்டா ரெண்டும் ஒண்டாத் தெளிவா வாறது கஷ்டம், ஒண்டைத் தெரிவு செய்யுங்க.

மழைக்குப் பிறகு எங்கட வாய்க்கால்ல மரத்துட நிழலும் விழுது, பிம்பமும் விழுது, ரெண்டும் வேற வேற பக்கம் கிடக்கு. கோடையில நிழல் தெரியிறதில்ல. கண்ணுல கோளாறா அண்ணன்? (சம்மாந்துறை)

கண் நல்லாத்தான் இருக்கு, எத்தனையோ கமராக்காரருக்குத் தெரியாததை நீங்க கண்டுபுடிச்சிருக்கிறீங்க தங்கச்சி.

தெளிஞ்ச ஆழமான தண்ணியில நிழல் விழாது. வெளிச்சம் உள்ளுக்குப் போயிடும், திரும்பி உங்கட கண்ணுக்கு வர அங்க ஒண்டும் இல்ல, அப்ப 'இஞ்ச வெளிச்சம், இஞ்ச வெளிச்சமில்ல' எண்டு எத வைச்சுக் காட்டுறது? மாரியில தண்ணி கலங்கி மண்ணிறமா ஓடக்க அந்த மண் துணிக்கை எல்லாம் வெயிலைப் பட்டுத் தெறிக்குது, அதால தண்ணியே ஒரு திரை ஆகுது, நிழல் அதுல விழுது.

பக்கம் மாறிக் கிடக்கிறதுக்குக் காரணம்: நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் போகும், நீங்க எங்க நிண்டாலும் அது நகராது. பிம்பம் எப்பவும் உங்களைப் பாத்து வரும், நீங்க வரப்புல நடந்தா அதுவும் கூடவே நடக்கும். சூரியன் மரத்துக்கு நேர பின்னால நிக்க நீங்க முன்னால போய் நிண்டீங்கண்டா ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு வந்து படியும். அந்த இடத்துல தண்ணிய ஒருவாட்டி பாருங்க. நிழல் விழுந்த இடத்துல மண் நிறம் அடங்கிப்போகும், அதால பிம்பம் அந்தத் துண்டுக்குள்ள மட்டும் சரியான தெளிவா நிக்கும், சுத்திவர மண்ணிறம், நடுவுல மரத்துட கிளையும் வானமும். கலங்கின தண்ணியில பிம்பம் வராது எண்டு சொல்றவங்க நிழல் விழுந்த இடத்தைப் பாக்கல்ல. வாய்க்கால் தெளியிறதுக்குள்ள எடுத்து அனுப்புங்க, முழுப் பக்கத்துல போடப் பாக்கிறன்.

பள்ளிக்கூட வளவு வேப்பமரத்துக்குக் கீழ பிள்ளைகளோட நிழல் படம் எடுத்தம். இலை எல்லாம் கோணல்மாணலா இருக்கக்க வெளிச்சப் பொட்டு மட்டும் வட்டமா விழுது. உச்சிக் கிளைட நிழலும் மங்கிப் போகுது. பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லவேணும். (வாழைச்சேனை ஆசிரியர்)

சேர், ரெண்டுக்கும் ஒரே காரணம், சூரியன் ஒரு புள்ளி இல்ல, வானத்துல அரைப்பாகை அகலத் தட்டு. இலைக்கு நடுவுல இருக்கிற சின்ன இடைவெளி ஒவ்வொண்டும் ஊசித்துளைக் கமரா, நிலத்துல விழுறது சூரியன்ட படம், அதால இடைவெளி எந்த வடிவமா இருந்தாலும் பொட்டு வட்டம், ரெண்டு ரூபாக் குத்தியைக் கொட்டிவிட்ட மாதிரி. வெயில் சரிஞ்ச நேரத்துல முட்டை வடிவா நீளும். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்துல மரத்துக்குக் கீழ விழுந்த பொட்டெல்லாம் பிறை பிறையாக் கிடந்தது, இப்ப பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்க.

மங்கிறதுக்குக் கணக்கு: நிழலுக்கும் கிளைக்கும் இடையில ஒவ்வொரு மீட்டருக்கும் நிழல்ட விளிம்பு ஒரு சென்டிமீட்டர் அளவு கரையும். 10 மீட்டர் தூரத்துல இருந்து வாற நிழல்ல 9, 10 சென்டிமீட்டர் கரைஞ்சிடும், அப்ப விரல் மொத்தக் கிளை எங்க தெரியப் போகுது. அடிமரம் கூரா, நுனி புகையா, அந்த வித்தியாசமே வடிவுதான். கூரான நிழல் வேணுமெண்டா பிள்ளைகளை மதில் கரைக்குக் கூட்டிப் போங்க, மதிலுக்குக் கிட்ட நிக்கிற பப்பாசி, வாழை, செவ்வரத்தை எல்லாம் வெள்ளைச் சுவர்ல கீறினாப்போல விழும்.

பிம்பப் படத்தைத் தலைகீழாக் கிறுப்பிப் போட்டன், கூட்டாளிமார் ஏமாத்து எண்டு சொல்றாங்க. (தம்பிலுவில்)

ஏமாத்தில்ல. ஆனா தலைகீழாக் கிறுப்பினா மட்டும் ஒரு படம் நல்ல படம் ஆகிடாது, நேர பாக்கவே நல்லா இருந்தாத்தான் கிறுப்பியும் நல்லா இருக்கும். நீங்க அனுப்பினது ரெண்டு மாதிரிப் பாத்தாலும் நல்லம். கூட்டாளிமாரைப் படம் அனுப்பச் சொல்லுங்க.

லாகுகலக் குளத்துக்கும் குமணைக்கும் தனியா விடியச்சாமம் நடந்து போய் எடுக்கலாமா? (பொத்துவில்)

இல்ல. லாகுகலப் பக்கம் ரோட்டுலயே யானை நிக்கும், விடியக்க பனிமூட்டத்துல சாம்பல் யானை 20 அடிக்குக் கிட்ட வந்தாலும் தெரியாது. குமணை தேசியப் பூங்கா, உள்ளுக்கு வாகனத்துலதான் போகலாம், இறங்கலாம் எண்டு சொல்லி விடுற இடம் தவிர வேற இடத்துல கால் வைக்கக்கூடாது. வாகனத்துக்குள்ள இருந்து தண்ணிக்கரை மருத மரமும் அதுட பிம்பமும் நல்லா எடுக்கலாம், ஆனா உயரத்துல இருந்து எடுக்கிறதால மேல சொன்ன கணக்குப்படி பிம்பம் கட்டையாத்தான் வரும், அதுக்கேத்த மாதிரித் தூரத்து மரத்தைப் பாருங்க.

தண்ணிக்குக் கிட்ட இருந்துதான் எடுக்கவேணுமெண்டா பொத்துவில் களப்புல கண்டல் பாக்கத் தோணியில கூட்டிப் போறாக்கள் இருக்காங்க, அவங்களோட போங்க, நடக்கத்தான் ஏலாது, தண்ணிக்கு ஒரு முழத்துல இருந்து எடுக்கலாம். எங்க போனாலும் குந்துறதுக்கு முதல் தண்ணிக்கரையப் பாத்துக் குந்துங்க, முதலை வாவியிலயும் இருக்கு, குளத்துலயும் இருக்கு. கேட்டு எழுதினதே பெரிய விசயம், கேக்காமப் போறாக்கள்தான் கூட.

வேன்ல இருந்து இறங்கின உடன லென்ஸ் எல்லாம் புகார் படியுது, துடைச்சாத் திரும்பவும் வருது, அதுக்குள்ள நல்ல வெளிச்சம் போயிடுது. (ஏறாவூர்)

ஏசி வேன்ல குளிர்ந்துபோன கண்ணாடியில வெளி ஈரக்காத்துப் பட்டு நீர் கட்டுது. துடைச்சு வேலையில்ல, கண்ணாடி சூடாகிற வரைக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். போற இடம் வர கால் மணித்தியாலத்துக்கு முதலே யன்னலைத் திறந்து கமராப் பையையும் திறந்து வைங்க. ஏசிய நிப்பாட்டச் சொன்னா ட்ரைவர் ஏசுவார், ஏசினா ஏசட்டும்.